அமுக்குவது யார்?

விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விடிகாலைத் தூக்கம், அல்லது முதல் ஹவரைக் கட் அடித்துவிட்டு இழுத்துப் போர்த்திய தூக்கம். கண் திறந்துவிட்டது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது. கொடியில் தொங்கும் துண்டு தெரிகிறது. வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போகும் சத்தமும் கேட்கிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனைக் கூப்பிடலாம் என்றால் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. நெஞ்சின் மேல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு பாரம். கதவோரம் யாரோ நிற்கிறார்கள். முகம் தெரியாது, நம்மைத்தான் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். சில நொடிகள், மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள். பிறகு எங்கோ ஒரு கயிறு அறுந்ததுபோல உடம்பு நம் கைக்குத் திரும்பி வருகிறது.

ஊரில் இதற்குப் "பேய் அமுக்கீருச்சு" என்று பெயர். அமுக்குவான் பேய் என்று தமிழகத்தில் மட்டுமல்லாமல் இலங்கையிலும் சொல்கிறார்கள். ஜப்பானியர்கள் கனாஷிபாரி என்கிறார்கள். இரும்பால் கட்டிப்போட்டதுபோல என்று பொருள். சீனத்தில் பேய் கட்டிலை அழுத்துகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு நெஞ்சில் வந்து உட்காருபவள் ஒரு கிழவி. இன்று கெட்ட கனவு என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்லும் நைட்மேர் என்ற ஆங்கிலச் சொல்லே முதலில் தூங்குபவரின் மேல் ஏறி அமர்ந்து மூச்சை அடைக்கும் ஓர் உருவத்தைத்தான் குறித்தது. மருத்துவம் வைத்த பெயர் ஸ்லீப் பராலிசிஸ், தூக்க முடக்கம்.

2011ல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வந்த 35 ஆய்வுகளைச் சேர்த்து, 36,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது தூக்க முடக்கம் வந்தவர்கள் பொதுமக்களில் 7.6 சதவீதம். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களில் 31.9 சதவீதம். மாணவர்களில் 28.3 சதவீதம். ஹாங்காங் பல்கலைக்கழக மாணவர்களிடம் 1994ல் வெளிவந்த ஓர் ஆய்வு 37 சதவீதம் என்றது. ஜப்பானியக் கல்லூரி மாணவர்களில் பத்துக்கு நான்கு பேர். ஆய்வுக்கு ஆய்வு கேள்வி கேட்ட விதம் மாறும்; எண்ணும் மாறும். இருந்தாலும் மாணவர்களின் எண் பொதுமக்களின் எண்ணை விட்டுவிட்டு மனநோயாளிகளின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பதை அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியவில்லை.

என் கேள்வி பேய் உண்டா இல்லையா என்பதல்ல. அது எனக்கு முடிந்துபோன விஷயம். ஒருவன் எழுந்து உட்கார்ந்து, "டேய், என்னமோ வந்து நெஞ்சு மேல உட்கார்ந்துச்சுடா" என்று சொல்லும்போது, "அது பேய் இல்லடா, ரெம் ஸ்லீப்" என்று பதில் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

*

அந்தப் பதிலை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது அழகான பதில்.

1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் ஒன்றைக் கவனித்தார்கள். தூங்குபவரின் கண்மணிகள் மூடிய இமைகளுக்குள் விட்டுவிட்டு வேகமாக ஓடுகின்றன. அதுதான் ரெம் தூக்கம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடும்போது நிஜக் கால் ஓடிவிடக் கூடாது என்பதற்காக மூளைத்தண்டு முதுகெலும்பு வழியாக ஒரு தடையை அனுப்பி, கை கால் தசைகளை முழுக்கத் தளர்த்திவிடுகிறது. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் இந்தத் தடைக்குப் பொறுப்பான பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. நம்மை ஒவ்வொரு இரவும் கட்டிப்போடும் கயிறு நம் பாதுகாப்புக்காகப் போட்டது.

தூக்க முடக்கத்தில் நடப்பது நேரப் பிசகு. விழிப்பு வந்துவிட்டது, கயிறு அவிழவில்லை. இந்தப் பூட்டிலிருந்து தப்புபவை கண் தசைகளும் உதரவிதானமும்தான். அதனால்தான் கண்ணை உருட்ட முடிகிறது, மூச்சும் நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. பயந்துபோன மனம் ஆழமாக மூச்சை இழுக்கப் பார்க்கிறது, மார்பு விரிய மறுக்கிறது. விரிய மறுக்கும் மார்பை மூளை எப்படிப் புரிந்துகொள்ளும்? மேலே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்றுதான்.

கதவோரம் நிற்பவருக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 2006ல் ஓலாஃப் பிளாங்கேயின் சுவிஸ் ஆய்வுக் குழு, வலிப்பு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட 22 வயதுப் பெண்ணின் மூளையில், காதுக்கு மேலே பின்பக்கமாக இருக்கும் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டியது. உடனே தனக்குப் பின்னால் ஒரு நிழல்மனிதர் இருப்பதாக அவர் சொன்னார். அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது. தன் உடல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு குழம்பினால், மூளை அந்த உடலை இன்னொருவராக வெளியே நிறுத்திவிடுகிறது. கதவோரம் நிற்பவர் நாமேயாக இருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சைவ சித்தாந்தத்தின் அவத்தைக் கணக்கு நினைவுக்கு வந்தது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று உயிருக்கு ஐந்து நிலைகள். நனவில் 35 கருவிகள் வேலை செய்கின்றன, கனவில் 25. குறைந்த அந்தப் பத்தும் எவை? ஞானேந்திரியங்கள் ஐந்து, கன்மேந்திரியங்கள் ஐந்து. அந்தக் கணக்கின்படிப் பார்த்தால், அமுக்கப்பட்டுக் கிடப்பவனுக்குக் கண்ணும் காதும் திரும்பிவிட்டன. வாக்கும் கையும் காலும் இன்னும் திரும்பவில்லை. சித்தாந்திகள் நரம்பியலை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. விழிப்பு என்பது ஒரே ஸ்விட்ச் இல்லை, பல கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வது என்று நம் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வள்ளுவர் சாவைத் தூக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிட்டார். இந்த அனுபவத்தில் இரண்டும் ஒரே கட்டிலில் கிடக்கின்றன.

*

இந்த விளக்கத்தால் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு.

எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டு பலாந்த் ஜலால், டெவன் ஹின்டன் ஆகியோர் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. டென்மார்க்கில் பெரும்பாலும் இதை மூளையின், உடம்பின் கோளாறாகப் பார்க்கிறார்கள். எகிப்தில் ஜின் என்ற ஆவியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் அதிகம். இப்படியே செத்துவிடுவோம் என்ற பயம் எகிப்தியர்களிடம்தான் மிகவும் கூடுதல். முடக்கமும் நீண்டநேரம் நீடித்ததாகச் சொன்னார்கள். பயம் விழிப்பைக் கூட்டுகிறது, உடலோடு மல்லுக்கட்ட வைக்கிறது, முடக்கத்தை இன்னும் கொடுமையாக்குகிறது. அடுத்த இரவு படுக்கவே பயம். பயந்தவன் தூங்குவதில்லை, தூங்காதவனுக்கு மறுபடி வருகிறது. இந்த வட்டத்தை ரெம் என்ற மூன்றெழுத்து வெட்டுகிறது. "ஒண்ணும் ஆகாது, ரெண்டு நிமிஷத்துல தானா விட்டுரும், மூச்சை இழுத்துப் பிடிக்காத, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாரு" என்று ஒருவருக்குச் சொல்லித் தருவது உண்மையான உதவி.

சொல்லே இல்லாமல் இருப்பதும் ஒரு துன்பம்தான். ஜப்பானிய, கனடிய மாணவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இரு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவினருக்கு இது வந்திருந்தது. ஆனால் ஜப்பானியருக்கு கனாஷிபாரி என்ற சொல் இருந்தது. கனடியரில் பலர் இதை ஒருவகைக் கனவு என்று ஒதுக்கிவிட்டார்கள். தன் அனுபவத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய சொல் ஒருவருக்குக் கிடைக்காமல் போவதையே ஓர் அநீதி என்கிறார் மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி. அந்த வகையில் "பேய் அமுக்கீருச்சு" என்ற நம்ம ஊர்ச் சொல் ஒரு சொத்து. சொன்னவுடன் எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. பைத்தியமா என்று யாரும் பார்ப்பதில்லை.

சொல்லோடு நிற்காமல் ஒரு வைத்தியமும் சேர்ந்து வந்தது. எங்கள் அமுச்சியிடம் இதைச் சொன்னால் மூன்று காரியங்கள் நடக்கும். முதலில் திட்டு: "மல்லாக்கப் படுத்தா அமுக்கத்தான் செய்யும், ஒருக்களிச்சுப் படு கண்ணு." இரண்டாவது, தலைமாட்டில் ஓர் அரிவாள், நெற்றியில் திருநீறு. மூன்றாவது, அன்று ராத்திரி பாயை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். முதலாவதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது. இரண்டாவதால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. மூன்றாவதுதான் வைத்தியம். முனியைப் பற்றி அமுச்சி சொன்னது தப்பு. ஆனால் பயந்து கிடக்கும் பிள்ளைக்கு ராத்திரி என்ன தேவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

லாவோஸ் நாட்டு மோங் இன மக்கள் போருக்குப் பிறகு அகதிகளாக அமெரிக்கா போனார்கள். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் அவர்களில் திடகாத்திரமான இளம் ஆண்கள் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஒரு மரபணுக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் மருத்துவர்கள் கருதினார்கள். ஷெல்லி அட்லர் என்ற ஆய்வாளர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். நெஞ்சில் ஏறி அமுக்கும் ஆவி மீதான நம்பிக்கை அவர்களோடு கடல் தாண்டி வந்துவிட்டது. அதை விரட்டும் சடங்கும் பூசாரியும் உறவுக்கூட்டமும் வரவில்லை. துணையில்லாத அந்தப் பயமும் உயிரைக் குடிப்பதில் பங்கு வகித்திருக்கலாம் என்பது அவர் வாதம். நம் மாணவர்களுக்கு அப்படிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லை. தூக்க முடக்கம் தன்னளவில் யாரையும் கொல்வதில்லை. ஆனால் அட்லர் சொன்னதில் ஒரு பாதி நமக்கும் பொருந்தும். பேய் ஹாஸ்டல் வரைக்கும் வந்துவிடுகிறது. அமுச்சி வருவதில்லை.

*

மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு கூட்டம் போடுவோம். டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து உலகம் கடன் வாங்கிய ஒரு பழக்கம் அங்கே உண்டு: ஐந்து முறை "ஏன்" என்று கேட்பது. சர்வர் ஏன் விழுந்தது? மெமரி நிரம்பிவிட்டது. இந்தப் பதில் உண்மை. ஆனால் அதோடு எழுந்து போகிறவரை யாரும் இன்ஜினியர் என்று சொல்ல மாட்டார்கள். மெமரி ஏன் நிரம்பியது? அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? கவனிக்க வேண்டியவருக்கு ஏன் நேரமில்லை? மூன்றாவது நான்காவது "ஏன்"னில் விஷயம் இயந்திரத்தை விட்டு மனிதர்களிடம் வந்துவிடும். அங்கேதான் எல்லோரும் நெளிவார்கள்.

"ரெம் ஸ்லீப்" என்பது முதல் ஏன்னுக்கான பதில். ரெம் ஏன் நேரம் தவறியது என்பது இரண்டாவது.

இதற்கும் பதில் இருக்கிறது. 1992ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலரை ஆய்வகத்தில் தூங்க வைத்து, நடுராத்திரியில் வேண்டுமென்றே எழுப்பி, சிறிது நேரம் விழித்திருக்க வைத்து மறுபடி தூங்கவிட்டார்கள். சிலருக்குத் தூக்க முடக்கம் வந்தது. பேயை அலாரம் வைத்து வரவழைக்க முடிந்திருக்கிறது! ரெம் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில், விடியலை ஒட்டித்தான் அதிகம். நாலரைக்கு எழுப்பப்படுபவர் இழப்பது பெரும்பாலும் அதைத்தான். இழந்ததை மூளை மறப்பதில்லை. அடுத்து எப்போது தலை சாய்த்தாலும் ரெம் முந்திக்கொண்டு வருகிறது, சில சமயம் விழிப்பு முழுதாகப் போவதற்கு முன்பே. அந்தச் சந்திப்பில்தான் அமுக்குவான் பிறக்கிறான்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் இரட்டையர்களிடம் செய்த ஓர் ஆய்வு ஏறக்குறைய பாதி அளவு என்றது. மன அழுத்தம், பதற்றம், பழைய அதிர்ச்சிகள் எல்லாம் சேரும். ஒவ்வொருவர் பேய்க்கும் கல்லூரி டைம்டேபிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்ற முடிந்த காரணங்களில் முதல் வரிசையில் இருப்பது உடைந்த தூக்கம். அதை உடைப்பது யார் என்ற மூன்றாவது ஏன்னைக் கேட்டால் நாம் கொங்கு நாட்டுக்குள் வந்துவிடுகிறோம்.

எங்கள் பகுதிக்கு ராத்திரியோடு ஒரு பழைய பகை இருக்கிறது. கோவையில் முதல் நூற்பாலை 1888ல் ஸ்டேன்ஸ் காலத்தில் வந்தது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் வரிசையாக எழுந்தன, ராத்திரி ஷிப்டும் வாழ்க்கைமுறை ஆனது. வாரம் ஒரு ஷிப்ட் என்று உடம்பைச் சுழற்றிக்கொண்ட அப்பாக்கள் நிறையப் பேர். தோட்டத்துப் பக்கமோ, மூணு பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்த அப்பாருகளின் கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. "ராவு பகல்னு பாக்காம ஒழைச்ச மனுசன்" என்பதுதான் இங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லக்கூடிய உச்சபட்சப் பாராட்டு. நான் அதைக் கேலி செய்யவில்லை. அந்தத் தூக்கமில்லாத இரவுகளில்தான் எங்களில் பலருக்குக் கல்லூரிக் கட்டணம் சம்பாதிக்கப்பட்டது. ஆனால் வேறு வழியில்லாமல் இழந்த தூக்கம் எங்கோ ஓரிடத்தில் ஒழுக்கமாக மாறிவிட்டது. தூங்குகிறவன் சோம்பேறி. தூங்காதவன் முன்னுக்கு வருபவன்.

அந்த ஒழுக்கத்தை முழுமையாக அமைப்பாக்கியவை நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள். விடிவதற்கு முன் தொடங்கி, இரவு பத்தைத் தாண்டியும் நீளும் படிப்பு. ஊரே அவற்றுக்கு ப்ராய்லர் பள்ளி என்று பெயர் வைத்தது. பக்கத்திலேயே முட்டைப் பண்ணைகளும் இருக்கின்றன. முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி அங்கே விளக்குப் போடுவார்கள். வெளிச்சம் நீண்டால்தான் முட்டை குறையாது. அதாவது கோழிக்கு எட்டு மணி நேர இருட்டு உறுதி. பண்ணைக்காரருக்குத் தெரியும், அதையும் பிடுங்கினால் நஷ்டம் தனக்குத்தான் என்று. 14 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க நிபுணர்கள். அந்த விடுதிகளில் பலவற்றின் கால அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

அங்கிருந்து வருபவர்கள்தான் கோவையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளை நிரப்புகிறார்கள். கல்லூரியில் விளக்கை அணைக்கச் சொல்லும் வார்டன் இல்லை, ஆனால் பழகிப்போன உடம்பு இருக்கிறது. இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, அரியர், 75 சதவீத அட்டெண்டன்ஸ், மூன்றாம் ஆண்டிலிருந்து பிளேஸ்மென்ட். உடுமலையிலிருந்தும் கோபியிலிருந்தும் காலேஜ் பஸ்ஸில் வருபவர்கள் இருட்டிலேயே எழுந்து, ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே தூங்கி வருகிறார்கள். எங்கள் விடுதி அறையில் ஒருவன் இருந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கல்விக் கடனில் படித்தான். அவனுக்கு வாரம் இரண்டு முறையாவது அமுக்கும். அவனுக்கு ரெம் தெரியும், எங்களுக்கே அவன்தான் விளக்கிச் சொல்வான். தெரிந்திருந்தும் வந்தது. ஏனென்றால் அவனுடைய நான்காவது "ஏன்" வங்கியில் இருந்தது, ஐந்தாவது "ஏன்" ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது.

*

"படிக்கறதுக்கா முழிச்சிருக்காங்க? போனைத் தேய்ச்சுட்டுத்தானே கெடக்கறாங்க" என்று பெற்றோர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு ரீல்ஸ் பார்க்கச் சொல்லி எந்தக் கல்லூரியும் கட்டாயப்படுத்தவில்லை.

சீன இளைஞர்களிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: பழிவாங்கும் விழிப்பு. பகல் முழுவதும் அடுத்தவர் கையில் இருந்தால், தனக்கென்று ஒரு மணி நேரத்தை மனிதன் ராத்திரியிலிருந்து திருடுவான். அது தன் வீட்டிலேயே திருடுவது என்று அவனுக்கும் தெரியும். அவன் விரலுக்கு அவன்தான் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் அவன் பகலில் ஒரு மணி நேரம்கூட அவனுக்கென்று இல்லாதபடி நிரப்பியவர்களுக்கும் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு சேரவேண்டும்.

இன்னொரு கேள்வி என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. இந்த ஆய்வுகளெல்லாம் ஏன் மாணவர்களைப் பற்றியே இருக்கின்றன? பதில் எளிது: ஆய்வு செய்யும் பேராசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் மாணவர்கள். அதே கோவை, திருப்பூர் வட்டாரத்தில் அதே பதினெட்டு, பத்தொன்பது வயதில், தென்மாவட்டங்களிலிருந்து வந்து நூற்பாலை விடுதிகளில் தங்கி, மாறிமாறி ஷிப்ட் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பலர் அழைத்து வரப்பட்டார்கள். ஷிப்ட் மாறுகிறவர்களின் தூக்கம் எப்படி உடையும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. அவர்களையும் இரவு ஏதோ அமுக்கும். அந்த 28.3 சதவீதத்தில் அவர்கள் இல்லை. என் நண்பனுக்கு வந்தால் அது ஸ்லீப் பராலிசிஸ். அவளுக்கு வந்தால் காத்துக்கருப்பு. ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டு.

மலேசியாவின் மின்னணு ஆலைகளில் வேலை பார்த்த இளம் பெண்களுக்குப் பேய் பிடித்த நிகழ்வுகளைப் பற்றி ஐவா ஓங் என்ற மானுடவியலாளர் 1987ல் ஒரு நூல் எழுதினார். பேய் பிடிப்பது வேறு, தூக்க முடக்கம் வேறு. ஆனால் அவர் கண்டது இங்கே உதவும். நேரடியாகச் சொல்ல முடியாத எதிர்ப்பு பேயின் வாயால் பேசியது என்பது அவர் வாசிப்பு. நிர்வாகத்தின் கையில் மாத்திரையும் இருந்தது, மந்திரவாதியும் இருந்தார். இரண்டாலும் ஆலை மறுபடி ஓடியது. மாத்திரை கொடுத்தவர் அறிவியலின் பக்கம், மந்திரித்தவர் மூடநம்பிக்கையின் பக்கம் என்று நாம் பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். அவளுடைய ஷிப்டைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

நான் தேடிக்கொண்டிருந்த பதிலுக்கு அது என்னை அருகில் கொண்டுவந்தது. பேய் என்ற விளக்கம் காரணத்தைப் புளியமரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ரெம் என்ற விளக்கம் காரணத்தை மண்டைக்குள் வைக்கிறது. முதலாவது பொய், இரண்டாவது உண்மை. அந்த வேறுபாட்டை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் உண்மையையும் பொய்யைப் போலவே பயன்படுத்த முடியும். ஒருவன் வாயை மூட, ஒரு பேச்சை முடித்துவைக்க, அட்டவணையைத் தொடாமல் தப்பிக்க உண்மையான வாக்கியமும் உதவும். அறிவியல் விளக்கம் சொல்பவருக்கு அதனால் ஒரு கூடுதல் கடமை வந்துசேர்கிறது. பேயை விரட்டிவிட்டால் அது உட்கார்ந்திருந்த இடம் காலியாகிறது. அங்கே உண்மையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேட்காமல் விட்டால் விரட்டியதற்கு அர்த்தமில்லை.

ஆனைமலை மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு, மண்ணோடு மண்ணாக நீண்டு கிடக்கும் அந்த உருவம் முதல்முறை திகைப்பாக இருக்கும். அநியாயம் நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். நான் முறையிடப் போனதில்லை. எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. ஆனால் அசையாமல் கிடப்பவளுக்குத்தான் எல்லாம் கேட்கும் என்று இந்த ஊர் எப்படி நினைத்தது என்று யோசித்திருக்கிறேன். கட்டிலில் அமுக்கப்பட்டுக் கிடப்பவனுக்கும் எல்லாமே கேட்கிறது. அவனுக்குத்தான் போய்ச் சொல்ல ஓர் இடமில்லை. வார்டன் அறைக்கு வெளியே தொங்கும் புகார்ப் பெட்டியில் "நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க" என்று யாரால் எழுதிப்போட முடியும்?

நடைமுறையில் செய்யக்கூடியவை சாதாரணமானவை. ஒருக்களித்துப் படுக்கலாம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குத் தூங்கப் போகலாம். பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது திடீரென முழங்கால் மடங்கினாலோ அது நார்கோலெப்ஸியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி இது நோய் இல்லை. கல்லூரிகள் செய்யக்கூடியவையும் பெரிய புரட்சி ஒன்றுமில்லை: முதல் வகுப்பைக் கொஞ்சம் தள்ளி வைப்பது, காலேஜ் பஸ் கிளம்பும் நேரத்தைப் பார்த்து டைம்டேபிள் போடுவது, தூங்காமல் படித்தவனை மேடையேற்றிப் பாராட்டாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்குப் பணமே தேவையில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டம்.

எங்கள் ஊரில் யார் வீட்டுப் படியேறினாலும் முதல் கேள்வி "சாப்டீங்களா?" என்பதுதான். முன்பின் தெரியாதவரையும் கேட்போம், சண்டை போட்டவரையும் கேட்போம். பஞ்சம் பார்த்தவர்களின் வாயிலிருந்து வந்த கேள்வி அது. பசியோடு இருப்பவரை வாசலில் நிற்கவைத்துப் பேசுவது தப்பு என்ற அறம் அதற்குள் இருக்கிறது. "தூங்குனீங்களா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உருவாகவே இல்லை. தூக்கத்துக்கும் பஞ்சம் வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அடுத்தமுறை யாராவது வந்து நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்தது என்று சொன்னால் ரெம் பற்றிச் சொல்லுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு, "கடைசியா எப்போ முழுசாத் தூங்குனே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பதில் வர நேரமாகும்.